சீமைக்கருவேலக் கரியும் கடற்பாசியும்: தண்ணீரிலிருந்து கன உலோகம் பிடிக்கத் தொடங்குவோருக்கு

மதுரைக் கல்லூரிகளில் வேதியியலும் சுற்றுச்சூழல் அறிவியலும் படிப்பவர்கள் இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு விரும்பி எடுக்கும் தலைப்புகளில் ஒன்று இது: தண்ணீரில் கரைந்திருக்கும் ஈயம், செம்பு, குரோமியம் போன்ற கன உலோகங்களை மலிவான ஒரு பொருளால் பிடித்து எடுப்பது. செலவு குறைவு, பெரிய கருவி வேண்டாம், ஒரு பருவத்துக்குள் முடித்துவிடலாம். நல்ல தலைப்புதான். ஆனால் பல அறிக்கைகள் ஒரே மாதிரி முடிகின்றன. காய்ச்சி வடித்த நீரில் ஒரே ஒரு உலோகத்தைக் கரைத்து, அதில் பொருளைப் போட்டு, 95 சதவீதத்துக்கு மேல் நீக்கிவிட்டது என்று எழுதிக் கட்டி வைத்துவிடுகிறார்கள்.

வைகையிலோ வண்டியூர்க் கண்மாயிலோ உங்கள் தெரு போர் குழாயிலோ அப்படி ஒரு தண்ணீர் கிடையாது. நம் பக்கத்துத் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம், பைகார்பனேட், உப்பு எல்லாம் தாராளமாக இருக்கும். உலோகம் அவற்றோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். அவ்வளவு அயனிகளுக்கு நடுவே உங்கள் பொருள் ஈயத்தைத் தேடிப் பிடிக்கிறதா என்பதுதான் உண்மையான கேள்வி. அதைக் கடைசி அத்தியாயத்துக்குத் தள்ளாமல் முதல் வாரத்திலேயே கேட்டுவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வழிகாட்டி.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இது வீட்டில் குடிநீர் சுத்தம் செய்யும் குறிப்பு அல்ல. இங்கே கரியையும் கடற்பாசிப் பசையையும் கலந்து உருட்டப் போகும் மணிகள் வழியாக வந்த தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது. வேலை முழுவதும் கல்லூரி ஆய்வகத்தில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். வீட்டுச் சமையலறையில் அல்ல.

தண்ணீரைத் தெரிந்துகொள்வது

பொருளைத் தேடுவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். மதுரையைச் சுற்றி உலோகம் வரக்கூடிய இடங்கள் என்று பார்த்தால் முலாம் பூசும் பட்டறைகள், பழைய பேட்டரி உடைக்கும் இடங்கள், எலக்ட்ரானிக் கழிவு பிரிக்கும் கிடங்குகள், அவனியாபுரம் வெள்ளக்கல் போன்ற குப்பைக் கிடங்கிலிருந்து கசியும் நீர் என்று சிலவற்றைச் சொல்லலாம். வடக்கே திண்டுக்கல் பக்கம் தோல் பதனிடும் தொழில் இருப்பதால் அங்கே குரோமியம் பேசுபொருள். இவை ஒவ்வொன்றிலும் உலோகம் வேறு, கூட வரும் மற்ற சரக்கும் வேறு. குப்பைக் கசிவில் கரிமப் பொருள் அதிகம். சாயக் கழிவில் உப்பு அதிகம். முலாம் பட்டறையின் அலசல் நீரில் அமிலம் இருக்கும்.

பட்டறை நீரைத் தொடுவதற்கு முன் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அங்கே சயனைடு தொட்டி இருக்கிறதா? தங்கம், வெள்ளி முலாம் பூசும் தொட்டிகளில் சயனைடு உப்புகள் பயன்படுத்துவது வழக்கம். அந்த நீரில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். அது ஆளைக் கொல்லும். மாதிரியைப் பாதுகாக்க அமிலம் சேர்ப்பது எல்லோரும் செய்வது என்பதால் இந்த ஆபத்து நிஜமானது. சயனைடு கலந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே அந்த நீரைத் தொடாதீர்கள். தொடங்குபவர்களுக்கு அது வேலை அல்ல.

மாதிரி எடுக்கப் பாலித்தீன் பாட்டில் போதும். முந்தின நாள் 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் நன்றாக அலசிக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் இரண்டு பாட்டில் எடுங்கள். ஒன்றை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டி, பிஎச் 2-க்குக் கீழே இறங்கும் வரை அடர் நைட்ரிக் அமிலம் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து வையுங்கள். அப்போதுதான் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டாமல் நிற்கும். இன்னொன்றில் எதுவும் சேர்க்காமல் பிஎச், கடினத்தன்மை, காரத்தன்மை, குளோரைடு பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். ஆறு இணைதிறன் குரோமியம் பார்ப்பதாக இருந்தால் அமிலம் சேர்க்கக் கூடாது. அமிலத்தில் அது மூன்று இணைதிறனாக மாறிவிடக்கூடும். அதைக் குளிரில் வைத்துச் சீக்கிரம் அளந்துவிட வேண்டும்.

டிடிஎஸ் மீட்டரை நம்பி இறங்காதீர்கள். அது மொத்த உப்பின் மின்கடத்துத் திறனை அளந்து ஒரு எண்ணைக் காட்டுகிறது, அவ்வளவுதான். டிடிஎஸ் 200 என்று காட்டும் 'நல்ல தண்ணி'யில் வரம்புக்கு ஐந்து மடங்கு ஈயம் இருக்கலாம்; டிடிஎஸ் 1500 காட்டும் உப்புத் தண்ணீரில் ஈயமே இல்லாமலும் இருக்கலாம். உலோகத்தை அளக்க, ஒவ்வொரு உலோகத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஏ.ஏ.எஸ். அல்லது ஐ.சி.பி. நிறமாலைக் கருவி வேண்டும். உங்கள் கல்லூரியில் இல்லாவிட்டால் கட்டணம் வாங்கி அளந்து தரும் ஆய்வகத்தை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மாதிரிக்கு எவ்வளவு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மொத்தத் திட்டத்தில் பெரிய செலவு இதுதான். கடினத்தன்மை, காரத்தன்மை எல்லாம் கல்லூரியிலேயே பியூரெட்டில் பார்த்துவிடலாம்.

எண்களைப் படிக்க இரண்டு அளவுகோல் மனதில் இருக்கட்டும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 (2012) லிட்டருக்கு ஈயம் 0.01 மில்லிகிராம், காட்மியம் 0.003, நிக்கல் 0.02, மொத்தக் குரோமியம் 0.05, ஆர்சனிக் 0.01 என்று வரம்பு வைத்திருக்கிறது. ஆலைக் கழிவுநீரை ஆறு, குளங்களில் விடுவதற்கான பொது வரம்பு வேறு: ஈயம் 0.1, நிக்கல் 3, செம்பு 3, மொத்தக் குரோமியம் 2, ஆறு இணைதிறன் குரோமியம் 0.1. இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதிய அறிக்கைகள் நிறைய. எந்த வரம்பை எட்டப் பார்க்கிறீர்கள் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

எந்த உலோகத்துக்கு எந்தப் பொருள்

ஒரு திடப்பொருளின் மேற்பரப்பில் கரைந்த பொருள் வந்து ஒட்டுவதைப் பரப்புக்கவர்ச்சி என்று பாடப்புத்தகம் சொல்லும். ஒட்டவைக்கும் பொருளை இங்கே உறிஞ்சுபொருள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மூன்று பொருள்களைச் சேர்த்து ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டும்படி செய்தால் அது கூட்டு உறிஞ்சுபொருள். கரித்தூள் தனியாக நன்றாகப் பிடிக்கும், ஆனால் தண்ணீரிலிருந்து அதைத் திரும்ப வடிகட்டி எடுப்பது தலைவலி. ஆல்ஜினேட் என்ற கடற்பாசிப் பசை உலோகத்தை நன்றாகப் பிடிக்கும், ஆனால் மெதுவானது, காய்ந்தால் சுருங்கிவிடும். இரண்டையும் கலந்து மணியாக உருட்டினால் கையில் எடுக்கலாம், குழாயில் அடைக்கலாம்.

இங்கே தொடக்கக்காரர்கள் கவனிக்க வேண்டியது மின்சுமை. ஈயம், செம்பு, காட்மியம், நிக்கல் ஆகியவை தண்ணீரில் நேர்மின் அயனிகள். ஆல்ஜினேட்டில் இருக்கும் கார்பாக்சிலேட் தொகுதிகள் எதிர்மின்சுமை கொண்டவை, அதனால் பிடித்துக்கொள்ளும். ஆறு இணைதிறன் குரோமியம் அப்படி அல்ல. அது ஆக்சிஜனோடு சேர்ந்து குரோமேட் என்ற எதிர்மின் அயனியாகத் திரியும். ஆல்ஜினேட் அதைத் தள்ளிவிடும். அதற்குக் கைட்டோசான் சரியான பொருள். இறால் ஓட்டிலிருந்து எடுப்பது. பிஎச் 3 வாக்கில் அதன் அமீன் தொகுதிகள் நேர்மின்சுமை ஏற்று குரோமேட்டை இழுக்கும். ஆனால் வெறும் கைட்டோசான் மணி அந்த அமிலத்தில் கரைந்தும் போகும். குளூட்டரால்டிஹைடு போன்ற ஒன்றால் அதன் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்கிணைப்புப் போட வேண்டும். ஆர்சனிக்குக்கு இரும்பு ஆக்சைடு வேண்டும். 'எல்லா உலோகத்தையும் நீக்கும் பொருள்' என்று தலைப்பு வைக்க ஆசை வரும், வைக்காதீர்கள்.

முதல் தடவை செய்பவர்களுக்கு நான் சொல்வது செம்பு. மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) எளிதில் கிடைக்கும், ஈயம் காட்மியம் அளவுக்கு நச்சு இல்லை, நீல நிறம் கண்ணுக்கே ஓரளவு தெரியும். செம்பில் கை பழகிய பிறகு வழிகாட்டி ஆசிரியரோடு பேசி ஈயத்துக்குப் போகலாம். குரோமேட் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். இளநிலை மாணவர்கள் அதை எடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

கரியைத் தயார் செய்வது

நம் பக்கம் இதற்கென்றே இறைந்து கிடக்கும் பொருள் சீமைக்கருவேலம். கமுதி, முதுகுளத்தூர், சிவகங்கைப் பக்கம் மூட்டம் போட்டு எரித்த கரி மூட்டை மூட்டையாக வருகிறது. தேங்காய்ச் சிரட்டைக் கரியும் நல்லதுதான். சோழவந்தான் பக்கம் தென்னைக்குப் பஞ்சமே இல்லை. ஆலையில் செய்த ஆக்டிவேட்டட் கார்பனோடு ஒப்பிட்டால் மூட்டக்கரியின் மேற்பரப்பு குறைவாகத்தான் இருக்கும். பரவாயில்லை, அதை ஒளிக்காமல் எழுதினால் போதும்.

கரியை உரலில் இடித்து, 150 மைக்ரான் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். முகக்கவசம் இல்லாமல் இடிக்கவே கூடாது. அந்தத் தூள் நெஞ்சுக்குள் போகும். சலித்த தூளை வெறும் தண்ணீரில் கழுவிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள் பலர். அங்கேதான் தப்பு தொடங்குகிறது. மரக்கரியில் சாம்பல் இருக்கிறது. சாம்பல் காரம். அந்தத் தூளை செம்புக் கரைசலில் போட்டால் பிஎச் 8, 9 என்று ஏறி, செம்பு ஹைட்ராக்சைடாக வீழ்படிந்துவிடும். வடிகட்டிய நீரில் செம்பு இல்லை, உடனே '99 சதவீதம் பரப்புக்கவர்ச்சி' என்று எழுதிவிடுவார்கள். நடந்தது பரப்புக்கவர்ச்சியே இல்லை, சுண்ணாம்பு போட்டாலும் அதேதான் நடந்திருக்கும்.

ஆகவே தூளை 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இரண்டு மூன்று மணி நேரம் கலக்கி, வடிகட்டி, கழுவிய நீரின் பிஎச் 6-ஐத் தாண்டும் வரை காய்ச்சி வடித்த நீரில் திரும்பத் திரும்பக் கழுவுங்கள். அப்புறம் ஓவனில் 105 டிகிரியில் இரவு முழுக்கக் காயவைத்து, மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு வையுங்கள். சரியாகக் கழுவினோமா என்று பார்க்க எளிய வழி: ஒரு கிராம் தூளை 50 மில்லி காய்ச்சி வடித்த நீரில் போட்டுக் கலக்கி, மறுநாள் பிஎச் பாருங்கள். 7-க்கு மேல் ஏறியிருந்தால் திரும்பவும் அமிலக் கழுவல்.

மணி உருட்டுவது

சோடியம் ஆல்ஜினேட் வெள்ளை அல்லது பழுப்புத் தூளாக ரசாயனக் கடையில் கிடைக்கும். மண்டபம், மன்னார் வளைகுடாப் பக்கம் கடலில் வளரும் சர்காசம், டர்பினேரியா என்ற பழுப்புப் பாசிகள்தான் இதற்கு மூலப்பொருள்.

100 மில்லி காய்ச்சி வடித்த நீரைக் காந்தக் கலக்கியில் வேகமாகச் சுழலவிட்டு, 2 கிராம் ஆல்ஜினேட்டைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் கட்டி கட்டியாகத் திரண்டு, உள்ளே தூள் நனையாமலே நிற்கும். முழுக்கக் கரைய இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். பிறகு 2 கிராம் கரித்தூள் சேர்த்து, ஒரே சீரான கறுப்புப் பசையாகும் வரை கலக்குங்கள். பசையை ஒரு இரவு சும்மா வையுங்கள். உள்ளே சிக்கிய காற்றுக்குமிழி வெளியேறட்டும். குமிழியோடு சொட்டினால் மணி தண்ணீரில் மிதக்கும்.

இன்னொரு பீக்கரில் 500 மில்லி நீரில் 15 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் கரைத்துக்கொள்ளுங்கள். இது ஏறத்தாழ 0.2 மோலார். பசையை மறுநாள் மீண்டும் ஒருமுறை மெதுவாகக் கலக்கிவிட்டு, ஊசி மாட்டாத சிரிஞ்சில் ஏற்றி, ஒரு சாண் உயரத்துக்கும் குறைவாகப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். விழுந்த நொடியில் வெளித்தோல் கட்டிப்பட்டு, ஊறிய ஜவ்வரிசி போலக் கறுப்பு மணிகள் அடியில் சேரும். வால் வைத்த மணிகள் வந்தால் பசை ரொம்பக் கெட்டி அல்லது நீங்கள் பிடித்திருக்கும் உயரம் சரியில்லை. கொஞ்சம் நீர் சேர்த்துப் பாருங்கள், உயரத்தை மாற்றிப் பாருங்கள். தட்டையாக விழுந்தால் உயரம் அதிகம்.

மணிகளை அதே கரைசலில் 12 முதல் 24 மணி நேரம் ஊறவிட வேண்டும். உள்நடு வரை கால்சியம் போய்ச் சோடியத்தை வெளியேற்றிச் சங்கிலிகளைப் பிணைக்க அவ்வளவு நேரம் தேவை. பிறகு கழுவி, காய்ச்சி வடித்த நீரில் குளிரில் வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட நாள் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஓரிரு வாரத்துக்குள் பயன்படுத்துவது நல்லது.

எடை விஷயத்தில் ஏமாறாதீர்கள். ஈர மணியில் பெரும்பகுதி தண்ணீர். பத்து கிராம் ஈர மணியைத் தாளில் ஒற்றி எடைபோட்டு, 60 டிகிரியில் எடை மாறாத வரை காயவைத்தால் அரை கிராம் அளவில்தான் மிஞ்சும். ஒரு கிராம் பொருள் இவ்வளவு உலோகம் பிடித்தது என்று சொல்லும்போது அந்தக் கிராம் உலர் எடை. சோதனைக்கு ஈர மணியையே போடுங்கள், கணக்குக்கு உலர் எடைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். காயவைத்த மணி சுருங்கி உள்வழிகள் அடைபட்டு வேகம் குறைந்துவிடும்.

காந்தத்தால் திரும்ப எடுக்கும்படி மேக்னடைட் என்ற காந்த இரும்பு ஆக்சைடு சேர்த்து மணி செய்ய விரும்புகிறவர்களும் உண்டு. 5.4 கிராம் ஃபெரிக் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட்டையும் 2.8 கிராம் ஃபெரஸ் சல்ஃபேட் ஹெப்டாஹைட்ரேட்டையும் 100 மில்லி நீரில் கரைத்து, 60 டிகிரியில் கலக்கியபடி அம்மோனியா விட்டால் பிஎச் 10 வாக்கில் கறுப்பு வீழ்படிவு கிடைக்கும். ஆய்வகத்தின் புகை உறிஞ்சும் கூண்டுக்குள் (ஃபியூம் ஹூட்) செய்யுங்கள். காந்தத்தை அடியில் வைத்துப் பலமுறை கழுவி, பசையில் சேர்க்கலாம். ஆனால் 3 மில்லிமீட்டர் மணியைக் கையாலேயே வடிகட்டிவிடலாம் என்னும்போது காந்தம் எதற்கு? தூளாகவே பயன்படுத்தப் போகிறவர்களுக்குத்தான் அது உண்மையில் உதவும்.

சோதனை

3.93 கிராம் மயில்துத்தப் படிகத்தை ஒரு லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 1000 மில்லிகிராம் செம்பு. அதில் 20 மில்லி எடுத்து ஒரு லிட்டருக்கு நீர்த்தால் 20 மில்லிகிராம். பிஎச்சை 5-க்குக் கொண்டுவாருங்கள். 3-க்குக் கீழே போனால் ஹைட்ரஜன் அயனிகளே மணியின் இடங்களைப் பிடித்துக்கொள்ளும். 6-ஐ நெருங்கினால் செம்பு தானாகவே வீழ்படியத் தொடங்கும்.

கூம்புக் குடுவைகளில் 100 மில்லி வீதம் ஊற்றி நான்கு வகையாக வையுங்கள். ஒன்றில் எதுவும் போடாதீர்கள். ஒன்றில் கரி இல்லாத வெறும் ஆல்ஜினேட் மணி. ஒன்றில் கரித்தூள் மட்டும். ஒன்றில் உங்கள் கூட்டு மணி. நான்காவது மட்டும் வைத்துவிட்டுக் 'கூட்டுப்பொருள் சிறந்தது' என்று எழுதினால், எதைவிடச் சிறந்தது என்று தேர்வாளர் கேட்பார். உலர் எடை எல்லாவற்றிலும் சமமாக இருக்கட்டும். ஒவ்வொன்றையும் மூன்று பிரதியாகச் செய்யுங்கள்.

செம்பைப் பொறுத்தவரை பிடிக்கும் வேலையைப் பெரும்பாலும் ஆல்ஜினேட்தான் செய்யும், மூட்டக்கரி கொஞ்சம்தான் சேர்க்கும். இது தோல்வி அல்ல. கரி மணிக்கு உறுதி தருகிறது, சாயம் போன்ற கரிமப் பொருள்களைப் பிடிக்கிறது. விலை உயர்ந்த ஆல்ஜினேட்டின் அளவையும் குறைக்கிறது. அதை அப்படியே எழுதினால் உங்கள் அறிக்கை மற்றவற்றைவிட நம்பகமாக இருக்கும்.

குலுக்கியில் வைத்து 10, 30, 60, 120, 240 நிமிடத்தில் ஒவ்வொரு மில்லி எடுங்கள், மறுநாள் காலையிலும் ஒன்று. மணி மெதுவாகத்தான் பிடிக்கும். உலோகம் மணிக்குள் ஊடுருவிப் போக வேண்டியிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் நிறுத்திவிட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். ஒவ்வொரு மாதிரியின்போதும் பிஎச் குறித்துக்கொள்ளுங்கள். கால்சியத்தையும் அளந்தால் இன்னும் நல்லது: செம்பு உள்ளே போகப் போகக் கால்சியம் வெளியே வரும். அயனிப் பரிமாற்றம் நடக்கிறது என்பதற்கு அதைவிட நேரடியான சான்று கிடைக்காது.

கணக்கு சுலபம். தொடக்கச் செறிவிலிருந்து முடிவுச் செறிவைக் கழித்து, கரைசலின் லிட்டரால் பெருக்கி, உலர் எடையால் வகுக்க வேண்டும். உதாரணமாக 20-லிருந்து 4-க்கு இறங்கியது, கரைசல் 0.1 லிட்டர், உலர் எடை 0.05 கிராம் என்றால் கிராமுக்கு 32 மில்லிகிராம். நீக்கிய சதவீதம் 80. சதவீதத்தை மட்டும் எழுதாதீர்கள். பொருளை அள்ளிப் போட்டால் யாருக்கும் 99 வந்துவிடும். கிராமுக்கு எவ்வளவு என்ற எண்தான் ஒப்பிட உதவும். 10 முதல் 200 மில்லிகிராம் வரை வெவ்வேறு செறிவில் இதையே செய்து, செறிவுக்கும் கிராமுக்குப் பிடிபடும் அளவுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும் லாங்மியர், ஃபிராய்ண்ட்லிச் சமன்பாடுகளில் பொருத்திப் பாருங்கள். பொருந்துகிறது என்பதை வைத்தே உலோகம் எப்படிப் பிடிபடுகிறது என்ற இயக்கமுறையைத் தீர்மானித்துவிட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஊர்த் தண்ணீரில் போடுவது

இதை மேலே சொன்ன சோதனைகள் முடிந்த பிறகு என்று வைக்காமல், முதல் மணி தயாரான வாரமே ஒரு தடவை செய்யுங்கள். உங்கள் கல்லூரி போர் தண்ணீரை எடுத்து, அதில் செம்புக் கரைசலைக் கலந்து, அதே மணியைப் போடுங்கள்.

என்ன நடக்கும் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். மொத்தக் கடினத்தன்மை (கால்சியம் கார்பனேட் கணக்கில்) லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்து லிட்டருக்கு 4 மில்லிமோல். 20 மில்லிகிராம் செம்பு 0.3 மில்லிமோல்தான். ஒரு செம்பு அயனிக்குப் போட்டியாகப் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட அயனிகள் வரிசையில் நிற்கின்றன. குடிநீர் வரம்பைப் போல ஐந்து மடங்கு, அதாவது 0.05 மில்லிகிராம் ஈயம் என்றால், ஒரு ஈய அயனிக்குப் பதினாறாயிரத்துக்கும் மேல்.

இதில் உலோகத்துக்கு உலோகம் முடிவு மாறும். ஆல்ஜினேட்டுக்கு யார் மேல் ஈர்ப்பு அதிகம் என்ற வரிசை நன்கு அறியப்பட்டது: ஈயம் முதலில், பிறகு செம்பு, காட்மியம், பேரியம், ஸ்ட்ரான்ஷியம், அப்புறம் கால்சியம். கோபால்ட், நிக்கல், துத்தநாகம் கால்சியத்துக்கும் பின்னால்தான் வருகின்றன. ஈயமும் செம்பும் கடினத் தண்ணீரிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். நிக்கலை இதே மணியால் கடினத் தண்ணீரிலிருந்து எடுக்கப் பார்த்தால் ஏமாற்றம்தான். காய்ச்சி வடித்த நீரில் நிக்கல் அருமையாகப் பிடிபட்டிருக்கும், அதை நம்பித் திட்டமே போட்டிருப்பீர்கள். முதல் வாரத்திலேயே பாருங்கள் என்று வலியுறுத்துவது இதற்காகத்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. போர் தண்ணீரின் பிஎச் 7.5, 8 என்று இருக்கும், பைகார்பனேட்டும் நிறைய. அதில் செம்போ ஈயமோ கலந்தவுடன் கார்பனேட்டாகக் கலங்கல் கட்டலாம். மணி போடாத குடுவை இங்கே மிக முக்கியம். அதில் எவ்வளவு குறைந்தது என்று தெரியாமல் மணியின் பங்கைச் சொல்லவே முடியாது.

கழிவு வாய்க்கால் நீரில் மணி வேறு விதமாகவும் தோற்கும். சாயப்பட்டறை நீரில் சோடியம் உப்பு மிகுந்திருந்தால் கால்சியம் வெளியேறி மணி ஊதிப் பெருக்கும். சோப்புத் தூளிலிருந்து வரும் பாஸ்பேட் கால்சியத்தைப் பறித்துக்கொண்டால் மணி கரைந்தே போகலாம். கிருதுமால் வாய்க்கால் நீரில் மணியை மூன்று நாள் போட்டு வைத்து, விரலால் அழுத்திப் பாருங்கள். விட்டமும் அளந்துகொள்ளுங்கள். பைசா செலவில்லாத சோதனை.

குழாயில் ஓடவிடுவது, பட்டறைக்குக் கொண்டுபோவது

பியூரெட்டின் அடியில் கண்ணாடிப் பஞ்சு வைத்து, 50 மில்லி அளவுக்கு மணிகளை நீரோடு சேர்த்து இறக்குங்கள். காற்று இடைவெளி விழக் கூடாது. நிமிடத்துக்கு 2, 3 மில்லி என்று மெதுவாக ஓடவிட்டு, வெளிவரும் நீரை வரிசையாகச் சேகரித்து அளவிடுங்கள். எத்தனையாவது லிட்டரில் வரம்பைத் தாண்டுகிறது என்பதுதான் தேவையான எண்.

ஒரு பட்டறைக்கு உதவப் போகிறீர்கள் என்றால் முதலில் எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 1000 லிட்டர் அலசல் நீர், அதில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் செம்பு, உண்மைத் தண்ணீரில் உங்கள் மணி கிராமுக்கு 10 மில்லிகிராம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 5 கிராம் செம்பு. அதற்கு அரை கிலோ உலர் மணி, அதாவது பத்து கிலோ ஈர மணி. தினமும். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் எங்கே இந்தப் பொருள் பொருந்தும் என்று புரியும். நூற்றுக்கணக்கான மில்லிகிராம் உலோகம் உள்ள நீருக்கு இது சரிப்படாது. அதற்குச் சுண்ணாம்பு போட்டு ஹைட்ராக்சைடாக வீழ்த்துவதே முறை. வீழ்த்திய பிறகும் மிஞ்சும் சில மில்லிகிராமை இறக்கத்தான் மணிகள். அதற்கும் முன்னால், முலாம் தொட்டியிலிருந்து சாமானைத் தூக்கியவுடன் அலசாமல் தொட்டிக்கு மேலேயே கொஞ்ச நேரம் சொட்டவிடச் சொல்லுங்கள். வெளியே போகும் உலோகம் அங்கேயே கணிசமாகக் குறையும், முலாம் ரசாயனமும் மிச்சம்.

பிடித்த உலோகத்தை என்ன செய்வது

பெரும்பாலான ப்ராஜெக்டுகள் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை. உலோகம் அழியவில்லை. தண்ணீரிலிருந்து மணிக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த மணியைக் குப்பைத் தொட்டியில் போட்டால் மழையில் கசிந்து திரும்பத் தண்ணீருக்கே வரும்.

மணியைத் திரும்பப் பயன்படுத்த 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் செம்பு வெளியே வரும். கழுவிவிட்டுக் கால்சியம் குளோரைடில் மறுபடி ஊறவைக்க வேண்டும். அமிலத்தில் கால்சியமும் போயிருக்கும். உலோக அயனிகளைக் கவ்வி இழுக்கும் இடிடிஏ என்ற ரசாயனத்தைப் பயன்படுத்தாதீர்கள், அது கால்சியத்தை உருவி மணியையே கரைத்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் திறன் குறையும். எத்தனை சுற்று தாங்குகிறது என்பதையும், ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகு மணியின் உலர் எடையையும் எழுதி வையுங்கள்.

வெளிவந்த அமிலக் கரைசலில் உலோகம் செறிந்திருக்கும். அதையும் சோதனையில் மிஞ்சிய எல்லாக் கரைசல்களையும் ஒரே பிளாஸ்டிக் கேனில் சேருங்கள். கேன்மேல் உலோகத்தின் பெயர், தேதி, அமிலமா காரமா என்று மறக்காமல் எழுத வேண்டும். பருவ முடிவில் சுண்ணாம்புப் பால் சேர்த்துப் பிஎச் 9-க்குக் கொண்டுவந்தால் செம்பும் ஈயமும் வீழ்படிந்துவிடும். தெளிந்த நீரை அளந்து பார்த்த பிறகே அப்புறப்படுத்துங்கள். அடியில் தங்கிய சேற்றையும் பயன்படுத்தி முடித்த மணிகளையும் காயவைத்து மூடிய டப்பாவில் அடைத்து, ஆய்வகப் பொறுப்பாளரிடம் எழுத்தில் ஒப்படையுங்கள். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி, இப்படிப்பட்ட கழிவை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதித்த இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அதற்கான ஏற்பாடு உங்கள் கல்லூரியில் இருக்கிறதா என்பதை முதல் மயில்துத்தப் படிகத்தை எடைபோடுவதற்கு முன்பே துறைத் தலைவரிடம் கேட்டுவிடுங்கள். இல்லை என்றால், செம்போடு நிறுத்திக்கொண்டு, கரைசல் அளவை 50 மில்லியாகக் குறைத்துச் செய்யுங்கள், கழிவும் பாதியாகும்.